கெல்வினின் கப்பல் யோசனைகள்

கப்பலில் போக ஆசைப்படுகிறவர்கள் எல்லாரும் இப்போது என் புருஷனிடம்தான் யோசனை கேட்க வருகிறார்கள். ஆஸ்திரேலியாவில் லேக் மக்வாரி ஏரியின் இந்தக் கரையில் கெல்வின் பாஸ்கோவை விட்டால் ஆள் இல்லை என்று ஆகிவிட்டது. புல்வெளியில் பந்து உருட்டி ஆடும் பவுல்ஸ் கிளப்பில் மதியச் சாப்பாடு முடிந்து, இறைச்சித் தட்டைப் பரிசாகத் தரும் சீட்டுக் குலுக்கல் தொடங்குவதற்கு முன், அவன் கையில் மைக்கைக் கொடுத்துவிடுகிறார்கள். அவனுக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலியில் நான். அவன் சொல்லும் யோசனைகளுக்கு நான்தான் அத்தாட்சி.

அவன் சொல்வதில் தப்பு ஒன்றும் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல்.

"கப்பல் தூரத்து ஊர்லேர்ந்து கெளம்புதுன்னா அன்னிக்குக் காலையில ப்ளேன் ஏறாதீங்க. முந்தின நாளே போயிடுங்க. மூடுபனியில ப்ளேன் நின்னா கப்பல் உங்களுக்காக நிக்காது. உங்க மாமியாரே கேப்டனா இருந்தாலும் நிக்காது. அப்பத்தான் இன்னும் சீக்கிரம் கெளம்பும்."

சிரிப்பார்கள். கெல்வினுக்குக் கூட்டத்தைச் சிரிக்க வைக்கத் தெரியும். இரும்பாலையில் யூனியன் கூட்டங்களில் பழகிய வாய்.

"வாந்தி வர்றவங்க கப்பலோட நடுவுல, கீழ்த்தளமா பார்த்து ரூம் எடுங்க. உச்சியில பால்கனி ரூமுக்குக் கொட்டிக் குடுத்துட்டு, அங்க உக்காந்து பக்கெட்டைக் கட்டிக்கிட்டு அழாதீங்க."

அதற்கும் சிரிப்பார்கள். பிறகு பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் மிச்சம் இருக்க வேண்டும், டிக்கெட்டில் கல்யாணத்துக்கு முந்தைய பெயர் போட்டு மாட்டிக்கொள்ளக் கூடாது, மாத்திரைகளைப் பெட்டியில் போட்டு அனுப்பாமல் கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று வரிசையாகப் போகும். கடைசியில் குரலைத் தாழ்த்துவான்.

"உள்நாட்டுக் கப்பல்தானேன்னு இன்சூரன்ஸ் எடுக்காம மட்டும் போகாதீங்க. நம்ம கடல்ல போனாலும் கப்பல் டாக்டர்கிட்ட கவர்மெண்டோட மெடிகேர் அட்டை செல்லாது. என் கிளெனிஸைப் பாருங்க. நல்லா சாப்பிட்டா, சிரிச்சா, படுத்தா. காலையில இப்படி. ஒரு அறிகுறி கிடையாது. யாருக்குத் தெரியும், சொல்லுங்க?"

அப்போது என் தோளில் கை வைப்பான். "என்ன கிளென், சரிதானே?"

"ஆமா" என்பேன். பக்கவாதத்துக்குப் பிறகு என் வாயில் தானாக வருவது அந்த ஒரு சொல்தான். டீ வேண்டும் என்றாலும் ஆமா. வேண்டாம் என்றாலும் ஆமா. வீடு பற்றி எரிகிறது என்று சொல்ல நினைத்தாலும் ஆமாதான் வரும். மண்டைக்குள் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. வாசலில்தான் எவனோ பூட்டுப் போட்டுவிட்டான். எழுதலாம் என்றால் வலது கை செத்துக் கிடக்கிறது. இடது கையில் பேனாவைக் கொடுத்தால் எழுத்துகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு அர்த்தமில்லாமல் விழுகின்றன. ஆகவே என் புருஷன் பொய் சொல்கிறான், நான் ஆமா போடுகிறேன், கூட்டத்தில் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள்.

அறிகுறி இருந்தது. அவனுக்கும் அது தெரியும்.

டாஸ்மானியாவுக்குப் போய்த் திரும்பும் கப்பல் அது. முன்பதிவு செய்யும்போதே எங்கள் மகள் டாம்சின், நாட்டின் மறுகோடியில் இருக்கும் பெர்த்திலிருந்து கூப்பிட்டுச் சொன்னாள்: "அப்பா, அம்மாவுக்கு பிபி இருக்கு. இன்சூரன்ஸ் போட்டுடு. பிபியையும் மறைக்காம சொல்லிடு."

"பாஸ்போர்ட்டே வேண்டாத பயணத்துக்கு இன்சூரன்ஸ் எதுக்குடி? டாஸ்மானியா என்ன வெளிநாடா?"

"போட்டுடு கெல், பெரிய தொகையா என்ன?" என்று நானும் சொன்னேன். அப்போது எனக்கு வாய் இருந்தது. அவன் கம்ப்யூட்டரில் இன்சூரன்ஸ் கட்டத்துக்கு நேராக வேண்டாம் என்று அழுத்திவிட்டு, ஊரை ஏய்த்த மாதிரி என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

பயணத்தில் ஒரு சாயங்காலம், சாப்பாட்டு மேசையில் என் கையிலிருந்து முள்கரண்டி நழுவி விழுந்தது. எடுக்கப் போனேன், விரல்கள் மடங்கவில்லை. கெல்வினிடம் அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். உப்பு என்று வந்தது. அவன் உப்பை நகர்த்தி வைத்தான். கொஞ்ச நேரத்தில் கை திரும்பி வந்தது, பேச்சும் வந்தது. ஆனால் அது என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டது. பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் வருஷக்கணக்காக உட்கார்ந்தவள் நான். அந்தச் சுவரில் ஒட்டியிருந்த பக்கவாத எச்சரிக்கைப் படத்தைத் தினமும் பார்த்தவள்.

"டாக்டர்கிட்ட போகணும் கெல். இப்பவே."

கீழ்த்தளத்தில் இருந்த மருத்துவ அறைக்குப் போனோம். நர்ஸ் சின்னப் பெண், பிலிப்பினோ, அன்பாகப் பேசினாள். கெல்வின் மெடிகேர் அட்டையை எடுத்து நீட்டினான்.

"சாரி சார், இது இங்க செல்லாது. ட்ராவல் இன்சூரன்ஸ் இருக்கா?"

"ஜன்னல்ல எட்டிப் பார்த்தா ஆஸ்திரேலியா தெரியுது. செல்லாதா?"

அவள் சிரிக்கவில்லை. டாக்டர் பார்க்க ஆகும் கட்டணம் எழுதிய அட்டையைக் காட்டினாள். அவன் படித்தான். சோதனைகளுக்குத் தனி என்று கீழே போட்டிருந்ததையும் படித்தான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"இப்போ எப்படி இருக்கு?"

"இப்போ சரியாத்தான் இருக்கு. ஆனா கெல், எனக்கு பயமா..."

முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டான். "பாத்தியா, சரியாப் போச்சு. காலையில பெர்னி துறைமுகம் வந்துடும். அங்க பெரிய ஆஸ்பத்திரி, ஓசி. இங்க எதுக்கு இவங்களுக்குத் தண்டம் அழணும்?"

"சார், இப்பவே பார்க்கறது நல்லது" என்றாள் நர்ஸ்.

"நல்லதுதான்மா, உங்க முதலாளிக்கு" என்று சொல்லி என் முழங்கையைப் பிடித்துத் திருப்பினான். நான் வாசல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, "வேண்டாம் கெல், பாத்துடலாம்" என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். "ஊரைக் கூட்டாதே" என்றான். நடந்தோம்.

காலையில் கப்பல் பெர்னியைத் தொட்டபோது ஆம்புலன்ஸ் வந்து என்னை இறக்கியது. அதற்குள் என்னில் பாதி போய்விட்டிருந்தது. அங்கே இருந்த டாக்டர், நான் புரிந்துகொள்ள மாட்டேன் என்று நினைத்து, என் கட்டிலுக்கு மேலேயே கெல்வினிடம் சொன்னார்: "சாயங்காலம் வந்ததுதான் எச்சரிக்கை. அப்பவே காட்டியிருந்தா நிறைய செஞ்சிருக்கலாம்." கெல்வின் தலையைக் குனிந்துகொண்டு அழுதான். நிஜமான அழுகைதான். அதன் பிறகு அந்தச் சாயங்காலத்தை அவன் எங்கேயும் சொல்லவில்லை. டாம்சினிடம்கூட.

என்னை நன்றாகப் பார்த்துக்கொள்கிறான், அதையும் சொல்லிவிட வேண்டும். குளிப்பாட்டுகிறான், ஊட்டுகிறான், தலை வாரி விடுகிறான். ஊரில் அவனைத் தெய்வம் என்கிறார்கள். அவன் காலில் விழாத குறைதான். எனக்கு அவன் தெய்வமாக வேண்டாம். ஒரே ஒரு தடவை, நாலு பேர் கேட்க, "அவ கேட்டா, நான்தான் கூட்டிட்டு வந்துட்டேன்" என்று சொன்னால் போதும். அதற்காகத்தான் நான் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அவன் சொல்லப் போவதில்லை என்று தெரிந்த பிறகு நானே சொல்வது என்று முடிவெடுத்தேன். பேச்சுப் பயிற்சி தரும் பிரையனி என்ற பெண், பேச வராதவர்களுக்கும் சில சமயம் பாட வரும் என்றாள். இடது கையால் தொடையில் தட்டிக்கொண்டே, ஏற்றி இறக்கி, சொல்லைப் பாட்டாக இழுக்க வேண்டும். "டீ வேணும்" என்பதில் தொடங்கினாள். நான் தலையாட்டி மறுத்தேன். "டாம்சின் எப்படி இருக்கே" என்றாள். அதற்கும் மறுத்தேன். எனக்கு வேண்டிய வாக்கியத்தைச் சைகையாலும் தலையாட்டலாலும் துண்டு துண்டாக அவளுக்குப் புரியவைக்கக் குளிர்காலம் முழுவதும் ஆயிற்று. புரிந்தபோது அவள் முகம் மாறிவிட்டது.

"இதை வீட்டுல பழகாதீங்க கிளெனிஸ். இங்கயே பழகலாம்" என்றாள். அவள் வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அந்த வாக்கியம் வாயில் நின்றதும், கிளப்பில் அடுத்த கூட்டத்துக்காகக் காத்திருந்தேன்.

அன்று முன்வரிசையில் நோலின் இருந்தாள். என்னோடு அதே பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள். என் சிநேகிதி என்று சொல்ல இந்த ஊரில் அவள் ஒருத்திதான். அவளும் அவள் புருஷன் மெர்வும் கப்பலில் நியூ கலிடோனியா போகப் பணம் கட்டியிருந்தார்கள். கெல்வின் தன் யோசனைகளைச் சொல்லி முடித்ததும் அவள் கையைத் தூக்கினாள்.

"கெல், மெர்வுக்கு அப்பப்போ தலை சுத்துது. கப்பல்ல அந்த மாதிரி சின்னதா ஏதாவது வந்துட்டுப் போனா, அடுத்த கரை வர்ற வரைக்கும் பொறுத்துக்கலாமா?"

"பொறுக்கவே கூடாது நோலின்" என்றான் கெல்வின் உடனே. "அந்த நிமிஷமே டாக்டர்கிட்ட ஓடணும். காசைப் பார்க்கக் கூடாது. உங்களுக்கு ஒரு எச்சரிக்கையாவது கிடைக்கும். எங்களுக்கு அந்த பாக்கியம்கூடக் கிடைக்கலை."

என் இடது கை தொடையில் தட்டத் தொடங்கியது.

"டாக்...டர் வே...ணும்னு கேட்...டேன்" என்று பாடினேன்.

மைக் பக்கத்திலேயே இருந்ததால் கூடம் முழுவதும் கேட்டது. நான் பாடுகிறேன் என்று நினைத்து யாரோ முதலில் சிரித்தார்கள், குழந்தையைப் பார்த்துச் சிரிப்பது போல. நான் நிறுத்தவில்லை.

"நான் கேட்...டேன். நீ வேண்...டாம்னு சொன்...னே."

சிரிப்பு நின்றது. கெல்வின் முகத்தில் ஈயாடவில்லை. நான் அவனையே பார்த்தேன். இப்போது சொல் கெல், இப்போதாவது சொல்லு. அவன் உதடு அசைந்தது. சொல்லிவிடுவான் என்றே நம்பினேன். கடவுளே, எவ்வளவு நம்பினேன்.

அவன் மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டான். "டாக்டருங்க முன்னாடியே சொன்னாங்க" என்றான். "நடந்தது நடக்காதது எல்லாம் கலந்து வருமாம். அவளுக்குத் தெரியாது, பாவம். ஆனா பாருங்க, பேசிட்டா! என் கிளென் பேசிட்டா!"

ஒருவர் கை தட்டினார். அப்புறம் எல்லாரும் தட்டினார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு கிழவர் எழுந்து வந்து கெல்வினின் முதுகில் தட்டிக் கொடுத்து, "உன் பொறுமை யாருக்கும் வராது மேட்" என்றார். கெல்வின் சொன்ன மாதிரி எந்த டாக்டரும் சொல்லவில்லை. நான் மறுபடி தொடையில் தட்டினேன். "ஆமா" என்றுதான் வந்தது. இறைச்சித் தட்டுக் குலுக்கலுக்கு எண்களைப் படிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

"நீ உக்காரு கெல், நான் இவளை பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று நோலின் என் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். உள்ளே வந்ததும் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு என் எதிரே குந்தி உட்கார்ந்தாள்.

"நீ சொன்னது நிஜம்தானே?"

தலையாட்டினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும்டி. பல நாளாவே சந்தேகம். உன்னைத் தெரியாதா எனக்கு? ஒரு பல்வலிக்காரன் முகத்தைப் பார்த்தே ஆம்புலன்ஸ் கூப்பிட்டவ நீ. உனக்கு ஒண்ணு வந்தா சும்மா படுத்துத் தூங்குவியா?"

எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. ஒருத்தி போதும். ஒரே ஒருத்தி நம்பினால் போதும் என்று அவள் விரல்களை இறுக்கினேன். வெளியே போய்ச் சொல்வாள், மெர்விடம் சொல்வாள், டாம்சினுக்கு போன் போடுவாள் என்று மனசு அதற்குள் ஓடிவிட்டது.

"ஆனா கிளென்" என்றாள். கதவை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "டாம்சின் பெர்த்துல இருக்கா. அவளுக்கு வேலை, புள்ளைங்க. உன்னை யாரு குளிப்பாட்டறது? யாரு திருப்பிப் படுக்க வெக்கறது? நாளைக்கு இவன் மூஞ்சியைத் தூக்கிக்கிட்டு, என்னால முடியலைன்னு கைய விரிச்சான்னா, உன்னைக் கொண்டுபோய் ஹோம்ல தள்ளிடுவாங்க. இனிமே அதைப் பாடாத. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

சொல்லிவிட்டு என் வாயோரத்தைத் துடைத்து விட்டாள். கெல்வின் பொய் சொன்னபோது வராத அழுகை அப்போது வந்தது. அவன் பொய் சொன்னான், சரி, அவனுக்குப் பயம். இவளுக்கு என்ன வந்தது? அவள் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை என்பதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

கார் நிறுத்தத்தில் கெல்வின் என்னைத் தூக்கி முன் இருக்கையில் வைத்தான். செத்த கையை எடுத்து மடியில் ஒழுங்காக வைத்தான். சீட் பெல்ட்டை இழுத்தவன் மாட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றான். அவன் கண் சிவந்திருந்தது.

"எவ்வளவு நாளா பழகினே அதை?" என்றான்.

நான் இடது கையைத் தொடையில் வைத்தேன்.

"டாம்சின் கிறிஸ்துமஸுக்கு வர்றா." எச்சிலை விழுங்கினான். "அவகிட்ட பாடுவியா கிளென்?"

வாக்கியம் முழுசாக என் வாய்க்குள் இருந்தது. தொடையில் ஒரு தட்டுத் தட்டினால் வந்துவிடும். நான் அவன் கையில் இருந்த பெல்ட்டைப் பார்த்தேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினேன்.

"நல்ல பொண்ணு" என்று சொல்லி அவன் பெல்ட்டை மாட்டினான்.