நாலு கிலோ கூடிய மாப்பிள்ளை

சாப்பாட்டு மேசையின் தலைப்பக்கம் மச்சான். அவனுக்கு வலப்புறம் மாமியார். எதிரே, கதவை ஒட்டிய நாற்காலியில், பஸ் டிரைவரான மாப்பிள்ளை. அவன் மனைவி, மச்சானின் தங்கை, உட்காரவில்லை. கணவனின் நாற்காலி முதுகைப் பிடித்தபடி நின்றாள்.

மேசை நடுவில் கிரீன் டீ மாத்திரைக் குப்பி. லேபிளில், மச்சான் கம்பெனிக்கு அனுப்பிய மாப்பிள்ளையின் படம்தான்: பழைய பேன்ட்டின் ஒரே காலுக்குள் இரண்டு கால்களையும் விட்டுக்கொண்டு சிரிக்கிறான். நடந்தும் வாயைக் கட்டியும் இளைத்த உடம்பு அது. இளைத்தது திரும்பவும் ஏறாமலிருக்க மச்சான் தந்த மாத்திரையை அதற்குப் பிறகுதான் விழுங்கத் தொடங்கினான். போன மாதம் கண் மஞ்சளானது. ஈரல் வீங்கியிருக்கிறது, இந்த மாத்திரையைத் தொடாதே என்றார் டாக்டர். அவனும் தொடவில்லை.

"அடுத்த வாரம் கம்பெனிக்காரங்க வர்றாங்க மாப்ள. உங்களை மெஷின்ல நிக்கவச்சுப் படம் எடுப்பாங்க. எடை ஏறாம இருந்தாத்தான் எனக்கு ஏஜென்சி. ஏறுங்க, பாப்போம்."

மச்சான் கண்ணாடி எடை மெஷினைக் காலால் தள்ளினான். மாப்பிள்ளை ஏறி நின்றான். நாலு கிலோ கூடியிருந்தது.

"தின்னு தின்னு என் வயித்துல அடிச்சிட்டீங்களே. இன்னைலேருந்து ரெண்டு பங்கா முழுங்குங்க."

"செத்தவனுக்கு எடை ஏறாதுதான் மச்சான். ஆனா மெஷின்ல நிக்கமாட்டான்."

அறை விழுந்தது. உதடு கிழிந்தது. மச்சான் அவனை மேசைமேல் சாய்த்து, முழங்கையால் கழுத்தை அழுத்தி, அந்தக் கையாலேயே மேசை விளிம்பைப் பற்றிக்கொண்டு, மறு கையால் ஒரு பிடி மாத்திரையை வாயில் திணித்தான்.

"மெதுவாடா, விக்கிடப்போகுது" என்றாள் மாமியார். எழுந்திருக்கவில்லை.

மனைவி எடை மெஷினைத் தூக்கி, விளிம்பைப் பற்றியிருந்த விரல்கள்மேல் ஓங்கிப் போட்டாள். எலும்பு ஒடிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. மறுபடியும் போட்டாள். கண்ணாடி தெறித்தது.

"சின்னப்புள்ளையில நீ அடிச்சதுக்கும் சேத்துண்ணே."

மாப்பிள்ளை துப்பினான், பச்சையும் சிவப்புமாக விழுந்தது. பிறகு கண்ணாடிச் சில்லுகளை ஒதுக்கிவிட்டு, அதே மேசையில் கம்பெனிக்கு எழுதினான்.

'ஐயா, என் படத்தை உங்கள் குப்பியிலிருந்து எடுத்துவிடவும். நான் இளைத்தது உங்கள் மாத்திரையால் அல்ல. அதை விழுங்கியபின் ஈரல் கெட்டது. டாக்டர் சீட்டின் நகலை இணைத்துள்ளேன். எடை நாலு கிலோ கூடியிருக்கிறது, இன்னும் கூடலாம்.'

"கையப் பாருடி. மொதல்ல ஆஸ்பத்திரி" என்று முனகினான் மச்சான்.

"போற வழியிலதான் தபால் பெட்டி இருக்கு. பொறுண்ணே."

மாப்பிள்ளை உறையின் பசையை நக்கி ஒட்டினான். ஓரத்தில் ரத்தம் பதிந்தது. வேறு உறை இருந்தும் மாற்றவில்லை. மாப்பிள்ளை ஓட்டிய காரைப் பெட்டியருகே நிறுத்தச் சொல்லி, அண்ணனின் மடியைத் தாண்டி இறங்கினாள் மனைவி. கடிதம் உள்ளே விழும் சத்தம் கேட்கும்வரை கையை எடுக்கவில்லை.