கோழிக்கு ஆகாத சோறு

அமெரிக்காவின் லிவர்மோரில் மலைச்சரிவைப் பார்த்த அந்த வீட்டின் பின்புறத்தில் நான்கு கோழிகள் அரசோச்சின. வாரநாளெல்லாம் மலை தாண்டிக் காரோட்டி வேலைக்குப் போகும் சபரிக்கு, சனி ஞாயிறு அவற்றோடுதான். கோழித்தீனியைப் பற்றிப் படித்த அளவுக்கு அவன் தேர்வுக்குக்கூடப் படித்திருக்க மாட்டான். தர்பூசணித் தோலா, போடலாம். கீரைத்தண்டா, தாராளமாய்ப் போடலாம். அவகாடோத் தோல் ஆகாது. உப்பு மிகுந்தது ஆகாது. பழையதும் பூசணம் பிடித்ததும் அறவே ஆகாது.

அவன் மனைவி யாமினி கோபிசெட்டிபாளையத்துப் பெண். பட்டம் பெற்றவள், அலுவலகத்தில் ஒரு குழுவையே நடத்துகிறவள். ஆனால் சமையலறைக்குள் கால் வைத்ததும் அவள் வேறொருத்தி. எல்லோரும் உண்டபின் நின்றபடியே உண்பாள். மிஞ்சியதை உண்பாள். நேற்றையது இருந்தால் அதைத் தீர்த்துவிட்டுத்தான் இன்றையதைத் தொடுவாள். அவள் தாயும் அப்படியே உண்டாள். ஆணையிட்டவர் எவருமில்லை. ஆணையே தேவைப்படாத அடிமைத்தனத்துக்கு விலங்கு எதற்கு?

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, வியாழனன்று செய்த வெண்பொங்கலை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துக்கொண்டு அவள் பின்வாசலுக்குப் போனாள். கோழிக்கூண்டைக் கழுவிக்கொண்டிருந்த சபரி டப்பாவை வாங்கித் திறந்து முகர்ந்தான்.

"ஏய் யாமி, இதையா போடப் போற? உப்பு வேற, புளிச்சும் போச்சு. கோழி செத்துப் போயிரும்."

"அத்தனை நோஞ்சானுங்களா உங்க கோழி?"

"கிண்டல் பண்ணாத. கொட்டியும் தொலைச்சராத, நெய்யும் முந்திரியும் போட்டது. மத்தியானம் சூடு பண்ணி நீ சாப்ட்டுக்க."

"சரிங்க."

சொன்னவன் கொடியவன் அல்லன். கேட்டவளுக்கும் அது உறுத்தவில்லை. இருவருக்கும் உறுத்தாமல் போனதே, கொடுமை அங்கேதான் குடியிருந்தது! கோழிகளுக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்த ஒன்பது வயது மகள் ஷ்ரேயா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மதியம் யாமினி புதுச்சோறு வடித்து, கீரை கடைந்து, ரசம் வைத்தாள். நறுக்கிப்போட்ட தண்டும் வெள்ளரித் தோலும் கோழிகளுக்குப் போயின. சபரியின் தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு மகளின் தட்டைப் பார்த்தவள், கரண்டியோடு அப்படியே நின்றாள். தட்டில் அந்தப் பொங்கல் இருந்தது. ஷ்ரேயாவே மைக்ரோவேவில் சூடாக்கி, ஒரு பருக்கை விடாமல் வழித்து வைத்திருந்தாள்.

"கண்ணு, இதை எதுக்கு எடுத்தே?"

"இட்ஸ் ஓகேம்மா. இன்னிக்கு நான் சாப்டறேன். யூ டேக் தி ஹாட் ரைஸ்."

"ஏன்?"

"ஹென்ஸ் சாப்டக் கூடாதுன்னு அப்பா சொன்னார்ல? ஸோ கேர்ள்ஸ்தானே ஃபினிஷ் பண்ணணும்? யூ ஆல்வேஸ் டூ தட். நானும் பெரியவ ஆயிட்டேன்."

பெருமையோடு சொன்னாள் குழந்தை, கரண்டியையும் எடுத்துவிட்டாள்.

"ஷ்ரேயா! தொடாத! கெட்டுப்போனது அது, வயித்துக்கு ஆகாது!" சபரி பதறி எழுந்து தட்டைப் பிடுங்கினான்.

ஏட்டில் எழுதாத சட்டமொன்று, தாயின் வயிற்றிலிருந்து மகளின் தட்டுக்கு இறங்கிவந்து நின்றது. எந்த ஆசானும் இதைக் கற்பிக்கவில்லை. தாய்தான் நாள்தோறும் அடுப்படியில் நின்று, வாய் திறவாமல், மகளுக்குப் பாடம் நடத்தியிருக்கிறாள். யாமினியின் நெஞ்சு எரிந்தது. கணவன்மேல் மூண்ட சினத்தைவிடத் தன்மேல் மூண்டதே பெரிது.

"கோழிக்கு ஆகாதுன்னீங்க. குழந்தைக்கும் ஆகாதுங்கறீங்க. எனக்கு மட்டும் ஆகுமுங்களா?"

"நான் அப்படி நெனச்சா சொன்னேன்? வேஸ்ட் ஆகுதேன்னுதான்..."

"நெனச்சுச் சொல்லலைங்க. அதான் கேக்கறேன்."

கையில் பிடித்த தட்டை எங்கே வைப்பதென்று சபரிக்குத் தெரியவில்லை. யாமினி அதை வாங்கிக் குப்பைக்கூடையைத் திறந்து, நெய்யோடும் முந்திரியோடும் கவிழ்த்தாள். மகளுக்கு வேறு தட்டில் புதுச்சோறு வைத்தாள். தனக்கும் ஒன்றை எடுத்துப் பரிமாறிக்கொண்டு, இருவருக்கும் நடுவே நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தாள். ஆவி பறந்தது. அந்தச் சூட்டுக்கு அவள் விரல்கள் பழகியிருக்கவில்லை.

"ரசம்..." என்று தொடங்கிய சபரி, அடுப்பைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான், தானே எழுந்துபோய்ப் பாத்திரத்தைக் கொண்டுவந்தான்.

ஷ்ரேயா தன் சோற்றைத் தொடாமல், தாய் முதல் கவளத்தை வாயில் வைக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"டுமாரோவும் எங்ககூட உக்காருவீங்களா அம்மா?"

"உக்காருவேன்" என்றாள் யாமினி, கணவனின் முகத்தைப் பார்த்து.