பத்து நிமிஷம் பிடிங்க, மாப்பிள்ளை

"பத்து நிமிஷம் பிடிங்க மாப்பிள்ளை, போல்ட்டோட வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு மாமனார் கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு போனபோது மணி மூன்றே கால்.

இப்போது மூன்று ஐம்பது. சமையலறை ஜன்னல் வழியாகச் சுவர்க் கடிகாரம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. அது தெரியாமலே இருந்திருக்கலாம்.

நான் கொல்லையில் ஒரு பழைய பள்ளிக்கூட பெஞ்சின் மேல் நின்றிருந்தேன். பன்னிரண்டு அடி உத்தரம் ஒன்றின் முனை என் வலது தோளில். இரண்டு கைகளும் அதை அணைத்துப் பிடித்திருந்தன. மறுமுனையை அந்தப் பக்கத் தூணில் போல்ட் போட்டு மாட்டியாயிற்று. நான் கையை எடுத்தால் உத்தரம் சாயும். சாய்ந்தால் அந்தத் தூணையும் பெயர்த்துக்கொண்டுதான் விழும். விழும் இடத்தில், ஏதோ ஆஸ்பத்திரியை இடித்தபோது மாமா வாங்கிவந்த எட்டுக் கண்ணாடி ஜன்னல்கள் சாத்தி வைக்கப்பட்டிருந்தன.

"முட்டுக் கொடுக்க ஒரு மரம் இல்லையா மாமா?" என்று அவர் கிளம்பும்போதே கேட்டேன்.

"நல்ல மரத்தை முட்டுக்கு வீணாக்குவாங்களா? அதான் நீங்க இருக்கீங்களே!"

மாமா முப்பது வருஷம் கட்டட இடிப்பு மேஸ்திரி. ஓய்வு பெற்ற பிறகும் ஊரில் எது இடிந்தாலும் பத்தாம் நாள் அதில் ஒரு துண்டு வீட்டுக்கு வந்துவிடும். வீட்டுக்கு என்றால், நானும் என் மனைவியும் படுக்கும் அறைக்கு. கட்டிலுக்கு இந்தப் பக்கம் தியேட்டர் கதவுகள், அந்தப் பக்கம் யாரோ ஒரு வக்கீல் வீட்டு ஜன்னல் சட்டங்கள். ராத்திரி புரண்டு படுத்தால் முழங்கையில் தாழ்ப்பாள் இடிக்கும்.

அதையெல்லாம் எடுத்து வைக்கத்தான் இந்த ஷெட். கட்டுவதும் அதே பழைய மரத்தில்தான். "பழைய மரத்துல புதுசா ஓட்டை போடக் கூடாது மாப்பிள்ளை. இருக்கிற ஓட்டைக்குத் தகுந்த மாதிரி நாமதான் வளைஞ்சு போகணும்" என்பது அவர் சட்டம். அதனால் தூண் இரண்டு முறை இடம் மாறியது. இந்த உத்தரத்தின் ஓட்டையோ கட்டைவிரல் நுழையும் அளவு. அதற்கேற்ற போல்ட் அவருடைய டப்பாக்கள் எதிலும் இல்லை. பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கிறார்.

"ஷெட் முடிஞ்சா உங்க ரூம் விசாலமாயிடும். அப்புறம் நீங்க எங்கேயும் போகவே வேண்டாம்" என்று காலையில் சொன்னார்.

நான் வேலை பார்த்த ஃபிரிட்ஜ் கடையை மூடியபோது, "வேற இடம் கிடைக்கிற வரைக்கும் ரெண்டு மாசம் நம்ம வீட்ல வந்து இருங்க" என்றார். அந்த இரண்டு மாசம் மூன்று வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு நாளும் குத்திக் காட்டியதில்லை. குத்திக் காட்டியிருந்தால் கோபித்துக்கொண்டாவது கிளம்பியிருப்பேன். தட்டில் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து வைக்கிற மனிதரிடம் என்ன சொல்லிவிட்டுப் போவது?

மூன்று நாளைக்கு முன் ஒரு மீன் கம்பெனியிலிருந்து போன் வந்தது. குளிர்கிடங்கு மெக்கானிக் வேலை. பதினோரு மணி நேர ரயில் தூரம். தங்க வீடும் தருவார்கள். "யோசிச்சு வைங்க. புதன்கிழமை நாலு மணிக்கு நானே கூப்பிடுவேன். எடுக்கலைன்னா அடுத்த ஆளுக்குப் போயிடும்" என்றார் மேனேஜர்.

இன்று புதன்கிழமை. போன் என் பேன்ட்டின் வலது பாக்கெட்டில். வீட்டில் யாருக்கும் தெரியாது. நாலு மணிக்குத் தெருமுனைக்குப் போய்ப் பேசிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

அத்தை டீ டம்ளரோடு வந்தார். என் மாமியார் அதிகம் பேசமாட்டார். என்னிடம் பேசும்போது எப்போதும் பக்கத்துச் சுவரைப் பார்த்துதான் பேசுவார்.

"இன்னும் வரலையா அந்த மனுஷன்? போன இடத்துல பாய் போட்டுப் படுத்துட்டாரா?" என்று சுவரிடம் கேட்டுவிட்டு, டம்ளரை எட்டி என் வாயருகே நீட்டினார். கொஞ்சம் உள்ளே போனது, கொஞ்சம் சட்டையில் போனது.

போன் அடித்தது.

"அத்தை! போன்!"

"ஆமா, அடிக்குது."

"கொஞ்சம் எடுங்களேன். பாக்கெட்ல இருக்கு."

அத்தை என் பாக்கெட்டைப் பார்த்தார். டம்ளரைப் பார்த்தார். மாப்பிள்ளையின் பேன்ட் பாக்கெட்டுக்குள் கை விடுவதைவிட அந்தக் கண்ணாடி ஜன்னல்கள் எட்டும் நொறுங்கினால்கூடப் பரவாயில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

"அடியே! மாடியில என்னடி பண்றே? கீழ வா, உன் புருஷனுக்குப் போன்!"

"துணி எடுத்துட்டு இருக்கேம்மா!" என்றது மாடி.

போன் நின்றுவிட்டது. என் காதுக்குள் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது.

மனைவி தோளில் காய்ந்த துணியோடு இறங்கி வந்தாள். "என்னங்க இது, சிலை மாதிரி? மாலை போடட்டுமா?"

"மறுபடி அடிச்சா எடு. அவசரம்."

சொல்லி வாய் மூடவில்லை, அடித்தது. அவள் எடுத்தாள். பெஞ்சு உயரத்துக்கு என் காது வரை கை எட்டவில்லை. ஸ்பீக்கரைத் தட்டிவிட்டுத் தூக்கிப் பிடித்தாள். அந்த நேரம் பார்த்துக் கொல்லைக் கதவு திறந்தது. கையில் போல்ட்டும் தலையில் ஒரு கதவுமாக மாமா நுழைந்தார்.

"போன இடத்துல நல்ல கதவு ஒண்ணு கிடைச்சுது..."

"என்ன சார், முதல் தடவை எடுக்கலை?" என்றது போன். "வேலைக்கு வர்றீங்களா, வரலையா? ஒண்ணாம் தேதி சேரணும். அடுத்த ஆள் காத்துட்டிருக்காரு."

மாமா கதவை இறக்கவில்லை. அத்தை முதல்முறையாகச் சுவரை விட்டு என்னைப் பார்த்தார். ஓட வழியில்லை. முகத்தைத் துடைக்கக்கூட ஒரு கை இல்லை.

"வர்றேன் சார்" என்றேன்.

"நல்லது. தனியாவா, குடும்பத்தோடவா? அதுக்குத் தகுந்த வீடு ஒதுக்கணும்."

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. மனைவி போனின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினாள்.

"எத்தனை நாளா நடக்குது இது?"

"மூணு நாளா."

"என்கிட்ட எப்ப சொல்றதா உத்தேசம்?"

"ஷெட் முடிஞ்சதும்..."

"அது என்னைக்கு முடியும்னு எங்கப்பாவுக்கே தெரியாது! யாருக்குப் பயந்தீங்க? அவருக்கா?"

"உனக்குத்தான்" என்றேன். தோள் வலியில் உண்மைதான் வந்தது. "'நீங்க போங்க, நான் இங்கேயே இருக்கேன்'னு சொல்லிட்டா?"

அவள் அப்பாவைப் பார்த்தாள். தலையில் கதவோடு அவர் நின்ற கோலத்தைச் சற்று நேரம் பார்த்தாள்.

"கேக்குது மேடம், சீக்கிரம் முடிவு பண்ணுங்க" என்றது போன், அவள் கைக்குள்ளிருந்து.

கையை எடுத்தாள். "குடும்பத்தோட சார். வீடு சின்னதா இருந்தாலும் பரவாயில்லை. காலியா இருக்கணும்."

போன் அணைந்தது. அத்தை மிச்ச டீயைத் தானே குடித்துவிட்டு உள்ளே போனார்.

"மாமா, போல்ட்டு..." என்றேன் மெதுவாக.

அவர் கதவை இறக்கிச் சுவரில் சாய்த்தார். ஆடுகிறதா என்று தொட்டுப் பார்த்தார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு என் எதிரே ஏறினார். அவர் மூச்சு என் முகத்தில் பட்டது.

"அரை விரல் தூக்குங்க."

தூக்கினேன். சுத்தியலால் தட்டி போல்ட்டை உள்ளே இறக்கினார். நட்டைப் போட்டு ஸ்பேனரால் ஒரு சுற்று முறுக்கினார்.

"எவ்வளவு தூரம்?"

"பதினோரு மணி நேரம்."

இன்னொரு சுற்று.

"மூணு நாளா என்கூடதானே நின்னுட்டிருந்தீங்க. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா விட மாட்டீங்கன்னு நினைச்சேன் மாமா."

"விட்டிருக்க மாட்டேன்தான்." இன்னொரு சுற்று. இது கொஞ்சம் மெதுவாக இருந்தது. "அதுக்காகச் சொல்லாம இருக்கிறதா?"

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கடைசிச் சுற்றை முறுக்கிவிட்டு ஸ்பேனரை இடுப்பில் செருகினார்.

"தோளை எடுங்க."

எடுத்தேன். உத்தரம் நின்றது. ஆனால் என் கைகள் இறங்கவில்லை. இரண்டும் தோள் உயரத்தில் அப்படியே மரத்துப்போய் நின்றன. மனைவி ஒவ்வொன்றாகப் பிடித்துக் கீழே இழுத்துவிட்டாள். வலிக்கட்டும் என்றே இழுத்தாள்.

மாமா அதற்குள் மரக்குவியலின் அந்தப் பக்கம் குனிந்திருந்தார். முகம் தெரியவில்லை.

"ஒண்ணாம் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கு மாப்பிள்ளை" என்றார். இன்னொரு உத்தரத்தின் முனையைப் பிடித்து இழுத்தார். "இது அதைவிட லேசான உத்தரம்தான். பெஞ்சை இந்தப் பக்கம் போடுங்க."

போட்டேன். ஏறினேன்.