எட்டாவது மூளை

கிளாடிஸுக்கு இரண்டு விஷயங்களில் தலைக்கனம் உண்டு. ஒன்று, சாந்தோம் கோயில் பாடகர் குழுவில் அவளுடைய குரல். அது அவ்வளவு நியாயமான தலைக்கனம் இல்லை. இன்னொன்று, அவள் செய்து தரும் ஸ்லைடு. அதைப் பற்றி மட்டும் யாரும் வாயைத் திறக்க முடியாது. அடையாறில் ஒரு நரம்பியல் ஆராய்ச்சி நிலையத்தில் பத்தொன்பது வருஷமாக அவள் டெக்னீஷியன். இறந்தவர்களின் மூளையைத் தலைமுடியை விட மெல்லியதாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்க்கும்படி செய்து கொடுப்பாள். கல்யாணமான புதிதில் கணவர் வில்லியம், "நீ என்ன வேலை பாக்குறேன்னு எங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதே" என்று கேட்டுக்கொண்டார். முதல் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டின்போதே சொல்லிவிட்டாள்.

அவளுடைய மேலதிகாரி டாக்டர் கஸ்தூரிரங்கன், மயிலாப்பூர்க்காரர். நாலு வருஷமாக மறதி நோயைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறவர். அல்சைமர் என்ற பெயரைச் சொன்னால் அப்போது படித்தவர்களே திருதிருவென்று விழிப்பார்கள். வயசானால் மறக்கத்தானே செய்யும் என்று விட்டுவிடுவார்கள். டாக்டர் அப்படி விடவில்லை. நோயாளிகளை வீடு தேடிப் போய்ப் பார்த்தார். அவர்கள் இறந்ததும், இன்னும் அழுகை அடங்காத வீட்டில் போய் நின்று, மூளையை ஆராய்ச்சிக்குத் தருவீர்களா என்று கேட்டார். உடம்பு முழுசாகத்தான் சிதைக்குப் போக வேண்டும் என்று நினைக்கிற வீடுகள் அவை. பல வாசல்களில் திட்டு வாங்கினார். ஏழு வீடுகள் கொடுத்தன. தி. நகரில் தலைமையாசிரியையாக இருந்து, கடைசியில் பெற்ற பெண்ணையே யாரென்று கேட்ட விசாலாக்ஷியின் மூளையும் அதில் ஒன்று. கையெழுத்துப் போட்ட மகள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "அம்மாவுக்கு நெஜமா என்ன ஆச்சுன்னு எனக்குச் சொல்லணும்."

அந்த ஏழு மூளைகளோடு ஒப்பிட, வேறு காரணங்களால் இறந்த ஏழு முதியவர்களின் மூளைகளையும் சேர்த்துவைத்திருந்தார்கள். எல்லாவற்றுக்கும் வெள்ளிக் கரைசலில் சாயம் ஏற்றினாள் கிளாடிஸ். 1993 ஜூலையில் டாக்டர் எல்லாவற்றையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். ஒரு நாள் அறையை விட்டு ஓடிவந்தார். நோயாளிகள் ஏழு பேருடைய நரம்பணுக்களைச் சுற்றியும் பொடிப்பொடியாகக் கறுப்புப் புள்ளிகள். மற்ற ஏழு பேரிடம் ஒன்றுகூட இல்லை.

"இதை இதுவரைக்கும் ஒருத்தரும் எழுதலை கிளாடிஸ்! நம்ம கண்ணுலதான் முதல்ல பட்டிருக்கு" என்றார். மறுநாள் நிலையத்துக்கே மைசூர்பாகு வந்தது. ஆகஸ்ட் கடைசியில் தி. நகரில் நடக்கவிருந்த அகில இந்திய மாநாட்டில் பேச டாக்டருக்கு இடம் கிடைத்தது. கட்டுரைச் சுருக்கம் மாநாட்டுப் புத்தகத்தில் அச்சாகியும் வந்துவிட்டது. கிளாடிஸுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பக்கத்தை வில்லியத்திடம் இரண்டு தரம் படித்துக் காட்டினாள்.

மாநாட்டுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, படம் எடுப்பதற்காக நல்ல ஸ்லைடு ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தாள். மைக்ராஸ்கோப்பின் திருகைத் திருப்பினாள். புள்ளி பளிச்சென்று தெரிந்தது, ஆனால் நரம்பணு மங்கியது. இன்னும் கொஞ்சம் திருப்பினாள். அணு பளிச்சென்று வந்தது, புள்ளி மங்கியது. புள்ளி அணுவோடு இல்லை. அதன் மேலே, தூசு மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

சாயம் ஏற்றிய தேதிகளைப் புரட்டினாள். நோயில்லாத ஏழும் டிசம்பரில் செய்தவை. நோயாளிகளின் ஏழும் மே மாதத்தில். அந்த மே மாதத்தை மெட்ராஸில் யார் மறப்பார்கள்? குழாயில் காற்றுதான் வந்தது. லாரித் தண்ணீருக்குத் தெருவெல்லாம் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையில் நின்றன. நிலையத்தில் கண்ணாடிச் சாமான்களை உப்புக் கரிக்கும் போர் தண்ணீரில்தான் கழுவினார்கள். கழுவிய பிறகு காய்ச்சி வடித்த தண்ணீரில் மூன்று தடவை அலச வேண்டும் என்பது சட்டம். தண்ணீர் வடிக்கிற இயந்திரத்துக்கும் தண்ணீர் வேண்டுமே! வீட்டில் அரிசி களைந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றுகிற கிளாடிஸ், மூன்று அலசலை ஒன்றாக்கினாள். யாரும் சொல்லிச் செய்ததில்லை. சிக்கனமாக இருக்கிறோம் என்று அதற்கும் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொண்டாள். உப்பு ஒட்டிய பாத்திரத்தில் வெள்ளிக் கரைசலை ஊற்றினால் பொடி படியும், வெளிச்சம் பட்டால் அது கறுக்கும். இது அவள் தொழில் கற்றுக்கொண்ட முதல் மாதத்துப் பாடம்.

மூன்று நாள் அவள் மூச்சு விடவில்லை. சொன்னால் பத்தொன்பது வருஷத்துப் பெயர் போய்விடும். சொல்லாவிட்டால் டாக்டர் நாலு பேர் நடுவில் நின்று உப்பை நோய் என்று சொல்லுவார். இரண்டு நாள் பாழும் பெயரே ஜெயித்தது. மூன்றாம் நாள் விசாலாக்ஷியின் மகள் டாக்டருக்குப் போன் செய்து, ஏதாவது தெரிந்ததா என்று கேட்டாள். டாக்டர் இந்தப் பக்கம் உற்சாகமாகப் புள்ளிகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது கிளாடிஸின் காதில் விழுந்தது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆனாலும் வெறும் வாயால் சொன்னால் நம்புகிறவரா டாக்டர்? மறுநாள் காலை நேரே ஹபீபுர் ரஹ்மானின் கறிக்கடைக்குப் போனாள்.

"இன்னாம்மா, ஞாயித்துக்கெழமதான வருவீங்க, இன்னிக்கு இன்னா விசேஷம்?"

"மூளை ஒண்ணு வேணும் பாய். நசுங்காம, முழுசா."

"வறுவலுக்கு எதுக்கும்மா முழுசு? நானே கட் பண்ணித் தரேன்."

"வறுக்க இல்ல, ஆபீசுக்கு."

ஹபீபுர் ரஹ்மான் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவளை ஒரு பார்வை பார்த்தார். "இன்னா ஆபீசோ! இந்தாங்க, இப்பதான் எட்த்தது, ஃப்ரெஷ்ஷா கீது."

ஆட்டு மூளையை, கெடாமல் இருக்க ஃபார்மலினில் ஊறப்போட்டு, மெழுகில் பதித்து, சீவி, இரண்டு ஸ்லைடு செய்தாள். ஒன்றுக்கு ஒரே அலசல், அந்த மே மாதத்தில் செய்த மாதிரியே. இன்னொன்றுக்கு மூன்று அலசல். முதல் ஸ்லைடைப் பார்த்ததும் சந்தேகம் தீர்ந்தது. அதை எடுத்துக்கொண்டு டாக்டர் அறைக்குப் போனாள்.

"சார், இதைக் கொஞ்சம் பாருங்க."

டாக்டர் குனிந்தார். அவர் வாயெல்லாம் பல். "பேஷ்! எவ்வளவு புள்ளி பாருங்கோ. அணுவெல்லாம் கொஞ்சம் வித்தியாசமா இருக்கே... எந்த வீட்டு கேஸ் இது?"

"கேஸ் இல்ல சார். ஆடு."

"என்னது?"

"கறிக்கடை ஆடு சார். ரெண்டு வயசு இருந்தா அதிகம். அதுக்கு மறதி நோய் வர வழியில்ல." அடுத்த ஸ்லைடை வைத்தாள். "இதுவும் அதே ஆடுதான். மூணு தடவை அலசினது. புள்ளி இல்ல பாருங்க. போர் தண்ணி உப்பு சார் அது. தண்ணிய மிச்சம் பிடிக்கிறேன்னு ஒரு தடவைதான் அலசினேன். தப்பு என்னோடது."

டாக்டர் மைக்ராஸ்கோப்பிலிருந்து முகத்தை எடுக்கவே இல்லை. இந்த ஸ்லைடு, அந்த ஸ்லைடு என்று மாற்றி மாற்றிப் பார்த்தார். கடைசியில் நிமிர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"புஸ்தகத்துல அச்சாயிடுத்து கிளாடிஸ்."

"தெரியும் சார்."

"நீங்க சொல்லாம இருந்திருக்கலாம். யாருக்குத் தெரிஞ்சிருக்கப் போறது?"

"எனக்குத் தெரியுமே சார்."

டாக்டர் எழுந்து சட்டைக் கையை மடித்தார். "ஏழு மூளையும் மெழுகுல பத்திரமாத்தானே இருக்கு? திரும்பப் பண்ண எத்தனை நாள் ஆகும்?"

"தண்ணி இருந்தா எட்டு நாள்."

தண்ணீருக்கு லாரி வரவழைத்தார்கள். நிலையத்து மோட்டார் சமயம் பார்த்துக் கையை விரித்தது. டாக்டர் கஸ்தூரிரங்கன் பேண்ட்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு மாடிக்கு வாளி தூக்கினார். வடித்த தண்ணீரைக் கிளாடிஸ் இம்முறை தாராளமாகச் செலவழித்தாள். எட்டாம் நாள் மாலை டாக்டர் பார்த்தபோது புள்ளிகள் போயே போய்விட்டன. ஆனால் தூசு விலகிய இடத்தில் நோயின் நிஜமான அடையாளங்கள் நின்றன. அணுக்களுக்கு வெளியே கறைத் திட்டுகள், உள்ளே சிக்கலாகிப் போன இழைகள். எண்ணினால் எண்ணிவிடலாம், அவ்வளவு தெளிவு. புதுக் கண்டுபிடிப்பு இல்லைதான். ஆனால் நம் ஊர் மனிதர்களின் மூளையில் இந்த நோய் இப்படித்தான் இருக்கிறது என்று அடித்துச் சொல்ல அது போதும். டாக்டர் உடனே விசாலாக்ஷியின் மகளுக்குப் போன் செய்து, முன்பு சொன்னது பிசகு என்று ஒப்புக்கொண்டு, உண்மையைச் சொன்னார்.

மாநாட்டுக்குக் கிளாடிஸ் போனது புரொஜெக்டரில் படம் மாற்ற. நோயின் படங்களைக் காட்டி முடித்த பிறகு, டாக்டர் எதையும் மறைக்கவில்லை. புத்தகத்தில் அச்சானது தவறு என்றார். மே மாதத்தையும் போர் தண்ணீரையும் சொன்னார். கடைசிப் படமாக ஆட்டு மூளை திரையில் வந்தபோது கூட்டம் சிரித்தது. முன்வரிசையில், வட இந்தியாவிலிருந்து வந்திருந்த ஒரு முதிய பேராசிரியர் எழுந்தார். இந்தத் துறையில் இருக்கிறவர்கள் அவர் பெயரைக் கேட்டாலே எழுந்து நிற்பார்கள்.

"இதே புள்ளிகள் எங்களிடமும் இருக்கின்றன. ஒரு வருஷமாக நாங்களும் அதை நோய் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். எங்கள் ஊரிலும் உப்புத் தண்ணீர்தான்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். "நீங்கள் எப்படி அலசுகிறீர்கள்?"

டாக்டர் மைக்கில், "என்னைக் கேட்டுப் பிரயோஜனம் இல்லை. கண்டுபிடித்தவர் அங்கே நிற்கிறார்" என்றார். மேடையிலிருந்து இறங்கி, புரொஜெக்டர் வரை மைக்கைக் கொண்டுவந்து கிளாடிஸின் கையில் கொடுத்தார்.

கிளாடிஸ் மைக்கை வாங்கிக்கொண்டாள். குரல் நடுங்கவில்லை. கான்வென்ட் ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். எந்தத் தண்ணீரில் கழுவுவது, மூன்று அலசலுக்கு எவ்வளவு, திருகைத் திருப்பிப் புள்ளியையும் அணுவையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது. "தண்ணீர் போதாத நாளில் சாயம் ஏற்றாதீர்கள். நான் ஏற்றினேன், அதனால்தான் சொல்கிறேன்" என்று முடித்தாள்.

பேராசிரியர் உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார். அவரைப் பார்த்து வரிசை வரிசையாகப் பேனாக்கள் வெளியே வந்தன.

"இன்னொரு தடவை சொல்லுங்கள் அம்மா. மெதுவாக. எழுதிக்கொள்கிறோம்."

கிளாடிஸ் நிமிர்ந்து நின்று, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.