பெஞ்சு பாஸாக வேண்டும்

1

"பெஞ்சைப் பாஸ் பண்ண விடுங்க, சார்."

இந்தக் கதை பிறந்தது இந்த ஒரு வரியில்தான். கார்ட்டூன் ஒன்றுக்கு வசனம் எழுத வேலைக்குச் சேர்ந்த அன்றே அவளிடம் சொல்லியிருந்தார்கள்: வேறு எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்காதே. நான் முதலில் வேறு மாதிரி ஆரம்பித்தேன்: 'மழை தூறிய ஒரு மாலையில், வசனம் எழுதும் பெண்ணொருத்தி சன்னலோரம்...' சீ. மழையாவது மண்ணாவது. அவள் நேராகக் கேட்கட்டும்.

(பெஞ்சைத் தெரியாதவர்களுக்கு: தொலைக்காட்சியில் பல வருஷமாக ஓடும் நையாண்டிக் கார்ட்டூன் குடும்பத்தின் மகள். கடைசி பெஞ்சு என்ற பட்டப்பெயர் சுருங்கிப் பெஞ்சு ஆனது. அந்தக் குடும்பத்தில் யாருக்கும் வயது ஏறாது. பெஞ்சு வருஷா வருஷம் பத்தாம் வகுப்பில் ஃபெயிலாவாள். ஊரே சிரிக்கும்.)

2

ஏன் இன்னும் சிரிக்கிறோம்? கட்டுரை வாடை அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இதைச் சொல்லாமல் எனக்குக் கை அடங்காது.

வசனம் எழுதுகிறவளுடைய அம்மா துணி ஆலையில் பகல் முழுக்க வாய் திறக்க மாட்டாள். வீட்டில் டிவியில் அந்தக் கார்ட்டூனின் தொப்பை மேனேஜர் வந்ததும் தரையைத் தட்டிச் சிரிப்பாள்: "ஐயோ, எங்க சூப்பர்வைசரேதான்டி! அதே நடை, அதே திமிரு!" நிஜ ஆள் நடித்திருந்தால் சிரிப்பதற்கு முன் கொஞ்சம் பயந்திருப்பாள். நாலு கோட்டுக்கு யார் பயப்படுவார்கள்? கார்ட்டூன் மேனேஜர் இத்தனை வருஷத்தில் மாறவே இல்லை. ஆலையிலும் யாரும் மாறவில்லை. பிறகு எப்படிப் பழசாகும்?

அந்த அரைமணி நேரம் அம்மாவுக்கு முதலாளியே கிடையாது.

[அழகாக வந்துவிட்டது இந்த வரி. அதனாலேயே சந்தேகம். இருந்துவிட்டுப் போகட்டும்.]

பெஞ்சும் அப்படித்தான் தொடங்கினாள். கடலையே பார்க்காத வாத்தியார் கடலைப் பற்றி வரிவரியாக ஒப்பிக்கச் சொல்வார். பெஞ்சு விடைத்தாளில் மீன் வரைந்து, அதன் வாயில் வாத்தியாரையும் வரைவாள். அப்போது கிண்டலின் அடி வாத்தியாருக்கு விழுந்தது. இப்போதெல்லாம் பெஞ்சுக்கே விழுகிறது: மக்கு, தண்டம், அவ்வளவுதான் நகைச்சுவை. தன் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கிய நம் வசனக்காரி அதை எழுத வேண்டியிருக்கிறது.

3

இயக்குநரின் அறை. அவள் உள்ளே வந்ததும் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்தாள். அதன்மேல் அவருடைய காபிக் கோப்பையை வைத்தாள். (இயக்குநர் கவனிக்கவில்லை. நீங்கள் கவனியுங்கள்.) பிறகுதான் கேட்டாள், அந்த முதல் வரியை.

"பாஸாயிட்டா ஷோ முடிஞ்சு போச்சேம்மா."

"இல்ல சார், அப்பதான் ஆரம்பிக்குது! இன்டர்வியூக்குப் போவா. 'உங்க வீட்ல வேற யாரு படிச்சவங்க?'ன்னு கேப்பாங்க. 'உங்க வீட்ல படிக்காதவரு யாரு, அவரைத்தான் மேனேஜரா போட்டிருக்கீங்களா?'ன்னு இவ திருப்பிக் கேப்பா!"

வாசலில் பலத்த சிரிப்பு. பெஞ்சுக்குக் குரல் கொடுக்கும் அக்கா, கழுத்தில் ஹெட்ஃபோனோடு நின்றாள். "விடுங்க சார். என் பொண்ணுக்கே கல்யாணம் ஆயிடுச்சு, நான் இன்னும் பத்தாவதுலயே கிடக்கேன்." சொன்ன கையோடு பெஞ்சின் குரலில் கத்தினாள்: "அப்பா, நான் பாஸூ!"

வெளியே படம் வரைபவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். இங்கே குரல்தான் முதலில். வாயை அப்புறம்தான் வரைவார்கள். ஒருவன் பென்சிலையே எடுத்துவிட்டான்! (எனக்கும் இங்கே எழுத்து துள்ளுகிறது.)

இயக்குநரும் சிரித்தார். "சூப்பர்! இதையே எடுப்போம். கடைசில தூக்கத்துலேருந்து முழிச்சிக்கட்டும். எல்லாம் கனவு."

"கனவா?"

"பின்ன? பெஞ்சு மாறினா ஜனங்க பாக்க மாட்டாங்கம்மா."

"எங்கம்மா பாப்பாங்க."

"உங்கம்மா என்ன படிச்சவங்களா?"

யாரும் சிரிக்கவில்லை. பிறகு அக்கா, பெஞ்சின் குரலில், மெதுவாக: "மேனேஜர் வந்துட்டாரு டோய்."

4

முடிவுகள்.

(அ) இயக்குநர் மனம் திருந்தி... யாரிடம் கதை விடுகிறேன்?

(ஆ) அவள் கண்கலங்கி... எழுத மாட்டேன்.

(இ) அவள் எழுந்தாள்.

"வரேன்க்கா."

"போ கண்ணு. எழுதிட்டு என்னைக் கூப்புடு. தொண்டை தயாரா இருக்கு."

"ஏய், கார்டைக் குடுத்துட்டுப் போ!" இயக்குநர் கத்தினார்.

"உங்க கோப்பைக்கு அடியில பாருங்க, சார்."

அவர் கோப்பையைத் தூக்கினாரா, தூக்கியபோது முகம் எப்படி இருந்தது? எனக்குத் தெரியாது, நான் அவளோடு படியிறங்கிக்கொண்டிருக்கிறேன். இரண்டிரண்டு படியாகத் தாவுகிறாள். வாய் ஓயாமல் பெஞ்சின் வசனத்தை முணுமுணுக்கிறது.

பெஞ்சு இன்டர்வியூ அறைக்குள் நுழைந்தாயிற்று. முதல் கேள்வியை நீங்கள் கேளுங்கள். பார்த்துக் கேளுங்கள்.