உயர்த்தி வைத்த வாஷ்பேசின்

எங்களுக்குத் தங்கக் கொடுத்த வீட்டில் எல்லாமே குட்டை. அப்பா கட்டிலில் படுத்தால் முழங்காலுக்குக் கீழே அந்தரத்தில் தொங்கியது. வாஷ்பேசின் என் தொடை உயரம். பல் தேய்க்க வேண்டுமென்றால் முதலில் அதற்கு ஒரு கும்பிடு போட வேண்டும். கண்ணாடியில் கழுத்துக்கு மேல் எதுவும் தெரியாது. பை மாட்டுகிற கொக்கிகள்கூட இடுப்புக்குக் கீழே வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் குடை, மீன், பலூன் என்று ஒரு படம். அம்மா தன் கைப்பையை மீனுக்குக் கீழே மாட்டிவிட்டு, "எந்த மகானுபாவன் கட்டினான் இத?" என்றாள்.

குழந்தைகள் விடுதிதானே, அழகுக்கு வரைந்திருப்பார்கள் என்று நினைத்தோம். உண்மையில் எதையும் நினைக்கவில்லை என்பதுதான் சரி.

பெற்றோர் இல்லாத பிள்ளைகளுக்கு வீடு கட்டித் தருவதற்காகக் கடல் தாண்டி வந்திருந்தோம். விடுமுறையில் தொண்டு செய்யலாம் என்பது அம்மாவின் யோசனை. அம்மா பல் டாக்டர். ஊரார் வாயைத் திறக்கச் சொல்லிப் பழகியவள், தன் வாயை மட்டும் மூடியதில்லை. ஹோட்டலில் தலையணை சரியில்லை என்று மேனேஜரை மாடிக்கு வரவழைத்தவள். அப்பா அந்த மாதிரி நேரங்களில் செருப்பைத் தேடுகிற பாவனையில் வெளியே போய்விடுவார்.

பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த இரண்டாவது வீட்டில்தான் எங்கள் வேலை. சுவரை உப்புத்தாளால் தேய்த்துப் பெயின்ட் அடிக்க வேண்டும். வார்டன் அக்கா நம் பாஷைக்காரர், எப்போதோ பிழைக்க வந்து அங்கேயே தங்கிவிட்டவர். வந்த மறுநாளே அம்மா அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, பெரியவங்க தங்குற இடத்துல வாஷ்பேசின இப்படியா வைப்பாங்க? என் இடுப்பே ஒடிஞ்சு போச்சு."

வார்டன் அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, "மாத்திடலாம்மா," என்றார்.

பிளம்பர் வந்து டைல்ஸை உடைத்து, வாஷ்பேசினை அம்மாவின் இடுப்பு உயரத்துக்குத் தூக்கி மாட்டினார். கண்ணாடியும் மேலே போனது. பழைய ஓட்டைகளை வெள்ளை சிமென்ட் வைத்து அடைத்தார். "உங்கம்மா வாய் மட்டும் இல்லேன்னா நாம கூன் விழுந்துதான் ஊர் போய்ச் சேருவோம்," என்றார் அப்பா. நானும் சிரித்தேன். நிமிர்ந்து நின்று பல் தேய்ப்பது சுகமாகத்தான் இருந்தது.

ஊர் திரும்ப இரண்டு நாள் இருக்கும்போது, பெயின்ட் வாசனையில் தலைவலி வந்து அம்மா மதியமே வந்து படுத்துவிட்டாள். நான் துணைக்கு இருந்தேன். கதவு திறந்தே கிடந்தது. முன்பல் விழுந்த ஒரு சிறுமி கையில் துணிப்பையோடு விறுவிறுவென்று உள்ளே வந்தாள். எங்களை அவள் பார்க்கவில்லை. நேராகக் கொக்கி வரிசைக்குப் போய் மீன் படத்துக்கு முன்னால் நின்றாள். அங்கே அம்மாவின் கைப்பை தொங்கியது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தவள், தன் பையைத் தரையில் அதற்கு நேர் கீழே சரியாக வைத்தாள்.

பிறகு கை கழுவப் போனாள். கையைத் தூக்கினாள், எட்டவில்லை. எக்கிப் பார்த்தாள், விரல்நுனி விளிம்பைத்தான் தொட்டது. குழாய் முன்பு எங்கே இருந்தது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. வெள்ளை சிமென்ட் அடைத்த இடத்தில் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்த்தாள்.

வார்டன் அக்கா மூச்சிரைக்க ஓடி வந்து அவளை இழுத்தார். "தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. வரக்கூடாதுன்னுதான் சொல்லி வச்சிருக்கேன்."

அம்மா எழுந்து உட்கார்ந்தாள். "இது யார் வீடு?"

"இந்தப் பிள்ளைங்களுதுதாம்மா. கட்டி முடிச்சு ரொம்ப நாளாச்சு. மீனு கொக்கி இவளுக்குன்னு சொல்லிட்டோம், அதான் அப்பப்ப வந்து பாத்துட்டுப் போறா."

"அப்புறம் ஏன் குடுக்கல?"

"வர்றவங்க எங்கம்மா தங்குவாங்க? ஒரு குழு போனா இன்னொரு குழு. பிள்ளைங்க சாப்பாட்டுக் கூடத்துல பெஞ்ச ஒதுக்கிட்டுப் படுத்துக்கும், பழகிருச்சு. டவுன்ல லாட்ஜ் இருக்கு, ஆனா தூரம்னு யாரும் போறதில்ல. நீங்களே போன்ல கேட்டீங்களே, நடந்து போற தூரத்துல தங்க இடம் இருக்கான்னு."

கேட்டாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். வெந்நீர் வருமா என்று கேட்கச் சொன்னது நான்.

அம்மா எழுந்து போனாள். கைப்பையை எடுத்து வந்து மடியில் வைத்துக்கொண்டாள். மீன் கொக்கி காலியானது. ஆனால் சிறுமியை அதற்குள் வார்டன் அக்கா வெளியே கூட்டிப் போயிருந்தார்.

சாயங்காலம் அப்பா வந்ததும் நான்தான் ஆரம்பித்தேன். "இன்னிக்கே லாட்ஜுக்குப் போயிடலாம்பா."

"போலாம்தான்," என்று அப்பா முதுகைத் தடவிக்கொண்டார். "மூட்டை கட்டி, வண்டி பிடிச்சு... ரெண்டு நாள்தானே. இப்ப காலி பண்ணா அவங்களுக்கும் சங்கடம்."

அம்மா அப்பாவை வெளுத்து வாங்குவாள் என்று காத்திருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள்; நான் மறுபடி சொல்வேன் என்று காத்திருந்தாள் போல. என் உடம்பெல்லாம் காலையில் தேய்த்த சுவரின் சுண்ணாம்புத் தூள். நான் துண்டை எடுத்துக்கொண்டு வெந்நீரில் குளிக்கப் போனேன். திரும்பி வந்தபோது யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இன்றைக்கும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

கடைசி நாள் இரண்டாவது வீட்டுக்கு முன்னால் எல்லோரையும் நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். சிவப்பு ரிப்பன் கட்டிய சாவியை அம்மா கொடுக்க, அந்த முன்பல் இல்லாத சிறுமி வாங்கிக்கொண்டாள். கேமரா இறங்கியதும், யாரும் கேட்காமலே வார்டன் அக்காவிடம் போய்ச் சாவியைத் திருப்பிக் கொடுத்தாள். அவளுக்கு அந்த வேலை நன்றாகப் பழகியிருந்தது.

"இந்த வீட்டையாவது இவங்களுக்கு விட்டுடுங்க," என்றாள் அம்மா. அவள் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

"நாளைக்கு வர்றது பெரிய குழும்மா. ரெண்டு வீடும் வேணும்." வார்டன் அக்காவின் குரலில் குத்தல் எதுவும் இல்லை. "கையெல்லாம் பெயின்டா இருக்கே, உள்ள வந்து கழுவிக்குங்க."

உள்ளே போனோம். நாங்கள் அடித்த மஞ்சள் சுவரில் புது வாஷ்பேசின் மாட்டியிருந்தது.

"நீங்க சொன்னீங்கல்லம்மா," என்றார் வார்டன் அக்கா, "அதனால இதுல முதல்லயே உசத்தி வச்சுட்டோம்."

அம்மா குழாயைத் திறந்தாள். பெயின்ட் எப்போதோ போய்விட்டது, அவள் கையைத் தேய்த்துக்கொண்டே நின்றாள். சிறுமி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வாஷ்பேசின் அம்மாவின் உயரத்துக்குக் கச்சிதமாக இருந்தது. அவள் குனியவே வேண்டியிருக்கவில்லை.