பத்தாவது வரி வருடம்

அப்பா செத்து நான்காவது மாதம், கொழும்பு வெள்ளவத்தை வீட்டைத் தங்கையின் பெயருக்கு மாற்ற இங்கிருந்து என்ன கடிதம் வேண்டும் என்று கேட்கப் போனேன். லண்டன் நோர்பரியில் ஒரு நகைக்கடைக்கு மேலே அக்கவுண்டன் தயாளினி அக்காவின் அலுவலகம். கிடங்கில் இரவு ஷிப்ட் முடித்து நேரே போயிருந்தேன். அரை மணித்தியால வேலை என்று நினைத்தேன்.

அந்த வீடு சயந்தினிக்குச் சீதனம். 2012இல் கொழும்பில் அவளுடைய கலியாணத்தின்போது அப்பா எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். உறுதிப் பத்திரம் மட்டும் எழுதவில்லை. "நான் கண்ணை மூடினாப் பிறகு அவளுக்குத்தானே" என்பார். மாப்பிள்ளை கட்டாருக்குப் போனவன் அங்கே வேறு குடும்பம் வைத்துக்கொண்டான். சயந்தினி இரண்டு பிள்ளைகளோடு கீழ் வீட்டில் இருக்கிறாள். மேல்மாடி வாடகையில்தான் சாப்பாடு.

"அப்பா எப்ப லண்டனுக்கு வந்தவர்?" என்று தயாளினி அக்கா கேட்டார்.

"2015 ஜூன்."

யார் கேட்டாலும் எனக்கு அதுதான் வாயில் வரும். சொல்லிச் சொல்லிப் பழகியது.

அவர் விரல் விட்டு எண்ணினார். முகம் மாறியது. "வரி வருசம் ஏப்ரல் ஆறில தொடங்கிறது. பதினைஞ்சில இருந்து எண்ணினா, அவர் செத்த வருசத்துக்கு முதல் சரியாப் பத்து."

"பத்தெண்டா என்ன?"

"கடைசி இருபது வருசத்தில பத்து வருசம் இங்க இருந்தவர் செத்தா, உலகத்தில எங்க சொத்துக் கிடந்தாலும் இந்த நாட்டு வரி. ஒன்பது எண்டா வெளிநாட்டுச் சொத்தைத் தொடமாட்டினம்."

"வீடு கொழும்பில, அக்கா. எடுக்கிறவளும் கொழும்பில. அவள் லண்டனைக் கண்ணாலயும் கண்டதில்லை."

"வீடு எங்க, எடுக்கிறவை எங்க எண்டு பாக்கிறேல்லை தம்பி. செத்தவர் எங்க இருந்தவர் எண்டுதான் பாக்கினம். முந்தி, நிரந்தரச் சொந்த நாடு எது எண்டு பாத்தவை. போன ஏப்ரலில மாத்திப்போட்டினம். இப்ப வருசக் கணக்கு."

கணினியில் ஏதோ தட்டினார். வெள்ளவத்தைக் காணிக்கு இன்றைய விலை, அதில் வரியில்லாமல் விடுகிற பங்கு, மிச்சத்துக்கு நூற்றுக்கு நாற்பது. எண்பத்து நாலாயிரம் பவுண் வந்தது. மே மாத முடிவுக்குள் கட்ட வேண்டும். வீட்டை விற்காமல் அந்தக் காசைக் கனவிலும் காண முடியாது.

அப்போதுதான் வாயைத் திறந்தேன். "அக்கா, அப்பா 2015இல வரேல்லை."

உண்மையில் அப்பாவும் நானும் வந்தது 2017 செப்டெம்பர். அதுவரை பாரிசுக்கு வெளியே லா கூர்னெவ்வில் இருந்தோம். அப்பா ஓர் உணவகத்தில் சமையல், நான் படிப்பு. 2015 ஜூனில் ஒரு கலியாணத்துக்காக லண்டன் வந்து இரண்டு கிழமை நின்றோம். இறந்துபோன அம்மாவின் தம்பி சுபாஸ்கரன் மாமா எங்களைக் கூட்டிக்கொண்டுபோய், இங்கே வேலை செய்யத் தேவையான நஷனல் இன்சூரன்ஸ் நம்பருக்கு விண்ணப்பிக்க வைத்து, வால்தம்ஸ்டோவில் இருக்கும் தன் கடைச் சம்பளப் பட்டியலில் பெயரையும் போட்டுவிட்டார். வரப்போகிற ஆட்கள்தானே, முன்கூட்டியே கிடக்கட்டும் என்றார். நாங்கள் பிரான்சில் இருக்க, இங்கே எங்கள் பெயரில் மாதாமாதம் பேஸ்லிப் என்ற சம்பளச் சீட்டு வந்தது. அந்தச் சம்பளத்தைச் செலவாகக் காட்டி மாமா தன் வரியைக் குறைத்துக்கொண்டார்.

2020இல் அது உதவியது. பிரிட்டன் ஐரோப்பாவை விட்டு விலகியதால் பிரெஞ்சுப் பாஸ்போர்ட்காரர் எல்லோரும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. ஐந்து வருடம் இருந்தவனுக்கு நிரந்தரமாக இருக்கும் உரிமை. குறைந்தவனுக்குத் தற்காலிகம். பிரான்சில் அகதி வழக்கு இரண்டு முறை தள்ளுபடியாகி ஒன்பது வருடம் அலைந்த பிறகே அந்தப் பாஸ்போர்ட்டை எடுத்தவர் அப்பா. "அரைக் கடதாசியோட இனி ஒரு நாட்டிலயும் இருக்கமாட்டன்" என்றார். பேஸ்லிப்புகளைக் கொடுத்தோம். இரண்டு பேருக்கும் முழுசாகக் கிடைத்தது. அப்பா அன்று ஆட்டிறைச்சி வாங்கிச் சமைத்தார்.

நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் தயாளினி அக்கா பேனையை மேசையில் வைத்தார். "இதை ஏன் எனக்குச் சொன்னனீங்கள்?"

"நீங்கள் எங்கட ஆள்தானே."

"அதுதான் உங்கட பிழை. கேட்டாப் பிறகு கேக்காத மாதிரி இருக்க எனக்கு ஏலாது. 2015 எண்டு எழுதின வரிப் போமை இனி நான் அனுப்பமாட்டன்."

"2017 எண்டு எழுதினா?"

"கொழும்பு வீட்டுக்கு வரி இல்லை. பிரான்ஸ் பேஸ்லிப் வைச்சிருக்கிறீங்களே?"

"ஓம். அப்பா ஒண்டையும் எறியமாட்டார்."

"அப்ப உண்மையைக் காட்டலாம். ஆனா இந்த நாட்டு வரிப் பதிவிலயே 2015இல இருந்து உங்கட ரெண்டு பேற்ற சம்பளமும் கிடக்கு. அது என்னெண்டு கேப்பினம். மாமாவை நோண்டுவினம். உங்களுக்கு இங்க இருக்கிற உரிமை தந்த ஹோம் ஒஃபிசுக்குப் போகும் எண்டும் சொல்ல ஏலாது, போகாது எண்டும் சொல்ல ஏலாது." பிறகு சொன்னார்: "அப்பா செத்திட்டார், தம்பி. நீங்கள் இருக்கிறீங்கள்."

இன்னொரு அக்கவுண்டனிடம் போய் வாயை மூடிக்கொண்டு 2015 என்றே எழுதலாம். எனக்கு ஒன்றும் ஆகாது, மாமாவுக்கும் ஒன்றும் ஆகாது. சயந்தினியின் வீடு போகும். அவ்வளவுதான்.

மறுநாள் காலை மாமாவின் கடைக்குப் போனேன். வாசலில் முருங்கைக்காய்ப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடியும்வரை அடுக்கிக்கொண்டே இருந்தார்.

"எட தர்சிகன், கொப்பர் செத்து ஆறு மாசம் ஆகேல்லை. அதுக்குள்ள என்னை உள்ளுக்குத் தள்ளப் பாக்கிறியோ?"

"உங்களை ஆர் தள்ளினது? வீடு போகுது மாமா."

"வேலை செய்யாதவனுக்குப் பேஸ்லிப் குடுத்தவன் உலகத்திலயே நான் ஒருத்தன்தான். அதுக்கு இது நன்றியோ? யூனிவர்சிற்றியை அரைவாசியில விட்டிட்டு ராவில பெட்டி தூக்கிறவன், இப்ப எனக்குச் சட்டம் படிப்பிக்கிறான்."

"அந்தச் சம்பளத்தைக் காட்டி வரி குறைச்சது ஆர்?"

அவர் நிமிர்ந்து வீதியின் இரண்டு பக்கமும் பார்த்தார். குரல் இறங்கியது. "வெள்ளவத்தை வீடு எண்டு ஒண்டு இருக்கெண்டே சொல்லாத. அவங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"அக்கவுண்டனுக்குத் தெரியும். கையெழுத்து வைக்கிறது நான்."

"அப்ப தங்கச்சியை விக்கச் சொல்லு. வித்துக் கட்டினாலும் அவளுக்கு மிச்சம் இருக்கும். எனக்கு மூண்டு பிள்ளையள், தம்பி. இந்தக் கடை ஒண்டுதான்."

கடைசி வசனத்தைக் கெஞ்சித்தான் சொன்னார். நான் வந்துவிட்டேன்.

இரண்டு கிழமை ஒன்றும் செய்யவில்லை. வீட்டை விற்கத்தான் வேண்டும், வேறு வழி இல்லை என்று சயந்தினிக்கு வாட்ஸ்அப்பில் மூன்று முறை எழுதி மூன்று முறை அழித்தேன். நான்காவது முறை அனுப்பியிருப்பேன். அதற்குள் அவளே எடுத்தாள்.

"அண்ணை, கடிதம் சரிவந்திட்டுதோ? மேல்மாடியில தண்ணி ஒழுகுது. பேர் மாறினாத்தான் பாங்கில கடன் எடுத்துத் திருத்தலாம்."

"விக்கிறதைப் பற்றி யோசிச்சனியோ?"

பின்னால் பிள்ளைகள் எதற்கோ சண்டை பிடிப்பது கேட்டது.

"வித்துப்போட்டு எங்க போறது? புருசன் இல்லாதவளுக்கு ரெண்டு பிள்ளையளோட வாடகைக்கு ஆர் வீடு தருவான்? கடனுக்கு வித்தது எண்டு தெரிஞ்சா அந்தாள் கட்டாரில இருந்து வந்து நிண்டு சிரிக்கும்." பிறகு கேட்டாள்: "ஏன், ஏதும் பிரச்சினையோ?"

"இல்லை. சும்மா கேட்டனான்."

2017 என்றே எழுதுவது என்று முடிவெடுத்தேன். இதைத் தியாகம் என்று யாரும் சொல்ல வேண்டாம். எனக்குப் பிரெஞ்சுப் பாஸ்போர்ட் இருக்கிறது. துரத்தினால் போய் நிற்க ஒரு நாடு இருக்கிறது, அங்கே என்னைத் தெரிந்த ஒருவரும் இல்லை என்றாலும். அவளுக்கு அந்தக் கீழ் வீடுதான். மாமாவின் மூன்று பிள்ளைகளையும் நினைத்தேன். நினைத்தும் முடிவை மாற்றவில்லை.

ஏப்ரல் கடைசியில், பிரான்சுப் பேஸ்லிப்புகளை ஒரு பையில் போட்டு மறுபடி நோர்பரிக்குக் கொண்டுபோனேன். தயாளினி அக்கா ஒவ்வொன்றாக விரித்துப் படம் எடுத்தார். அப்பா நாட்டுக்கு வந்த திகதி என்று இருந்த கட்டத்தில் 2017 செப்டெம்பர் என்று எழுதினார். ஏன் இரண்டு பதிவுகள் இருக்கின்றன என்று விளக்கும் கடிதத்தை எனக்கு வாசித்துக் காட்டினார். அதில் மாமாவின் கடைப் பெயர் நான்கு இடத்தில் வந்தது.

"மாமாவுக்குச் சொல்லிட்டீங்களோ?"

"போன் எடுக்கிறாரில்லை. மெசேஜ் போட்டனான். பாத்திட்டார்."

நான் கையெழுத்து வைத்தேன். அவர் இன்னொரு கட்டத்தைக் காட்டினார். "அவங்கள் பதில் போட உங்கட அட்ரஸ் வேணும். நீங்கள் இருக்கப்போற இடம்."

"பதில் வர எவ்வளவு காலம்?"

"நாலு மாசம். ஆறு எண்டும் இழுக்கும்."

மனோர் பார்க்கில் நான் வாடகைக்கு இருக்கும் அறையின் இலக்கத்தைச் சொன்னேன். அவர் எழுதினார். தபால் குறியீட்டை இரண்டு முறை கேட்டார்.

"மாறினா உடன எனக்கு அறிவியுங்கோ," என்றார்.

"ஓம்," என்றேன்.